ஒதுக்கீடு இருக்கிறது, காசு இல்லை: இறைவரித் திணைக்களம் சேர்ப்பதும் வரவு செலவுத் திட்டம் எதிர்பார்ப்பதும்

வன்னிக்கணக்கு எழுதியது:

வணக்கம். இலங்கையின் வன்னியில் ஓர் அரச அலுவலகத்தின் கணக்குக் கிளையில் வேலை செய்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வெகுநாளாக மனதில் கிடக்கிற ஒரு கேள்வியைக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரிய முதலில் ஒரு விஷயம். எங்களுக்கு இரண்டு வகை "பணம்" உண்டு. ஒன்று ஒதுக்கீடு. பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தை நிறைவேற்றியதும் இன்ன வேலைக்கு இவ்வளவு என்று தாளில் வருவது. மற்றது கட்டுநிதி. அந்தத் தாளில் இருக்கிற தொகைக்கு எதிராக மாதாமாதம் திறைசேரி உண்மையாக விடுகிற காசு. ஒதுக்கீடு 100 இருந்தாலும் கட்டுநிதி 40 வந்தால் நாங்கள் கொடுக்கக்கூடியது 40தான்.

2022 டிசெம்பர் கடைசி வாரம் ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். உள் வீதியில் ஒரு மதகு கட்டியவர். வேலை ஓகஸ்டில் முடிந்து, அளவை ஏடு, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் சிபாரிசு, கையெழுத்து எல்லாம் சரி. காசு மட்டும் இல்லை. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. பையிலிருந்து சிமெந்துக் கடையின் கடன் கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்து, "தம்பி, இதைப் பாருங்கோ, இனி அந்தக் கடைப் பக்கமாக நான் நடக்கேலாது" என்றார். நான் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கூட்டித் தொகை போட்டு, அந்தத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுபோய் எழுதியிருந்தார்கள். நாங்கள் அலுவலகத்தில் செய்கிற அதே வேலை.

மேலே கேட்டால் "வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை" என்கிறார்கள். என் கேள்வி இதுதான். வருமானம் வரவில்லை என்றால் வரி சேர்க்கிற இறைவரித் திணைக்களம் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? அவர்கள் சேர்க்காத காசுக்கு அந்த மதகுக்காரர் ஏன் கடன்காரராக வேண்டும்?

கொழும்பு13 எழுதியது:

வேறென்ன அர்த்தம்? பெரிய முதலாளிகளின் கோப்புகளைத் தூசி பிடிக்க விட்டுவிட்டு மாதச் சம்பளக்காரனைப் பிடிக்கிறார்கள். திணைக்களத்தைச் சுத்தப்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓய்வு_மதிப்பீட்டாளர் எழுதியது:

தம்பி வன்னிக்கணக்கு, முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் திணைக்களத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கொழும்பு13 சொல்வதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் நீங்கள் சொல்கிற 2022இல் காசு இல்லாமல் போனதற்கு முதல் காரணம் திணைக்களம் இல்லை. அதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

திணைக்களம் ஒரு கை. எவ்வளவு எடுக்கலாம், யாரிடம் எடுக்கலாம் என்பதைச் சட்டம் சொல்லும். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. பாராளுமன்றச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்க முடியாது. நாங்கள் சேர்க்கிற ஒவ்வொரு ரூபாயும் நேரே அரசின் பொதுக் கணக்கான திரட்டு நிதியத்துக்குப் போகும். அதில் ஒரு சதத்தைக்கூட இதற்கு அதற்கு என்று செலவழிக்கத் திணைக்களத்துக்கு உரிமை இல்லை.

இப்போது 2019 கடைசியில் என்ன நடந்தது என்று பாருங்கள். தேர்தல் முடிந்த கையோடு அமைச்சரவை முடிவெடுத்தது. டிசெம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி (வற்) 15இலிருந்து 8 சதவீதம். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிப்பு. 2020 ஜனவரி முதல் சம்பளத்தில் கழிக்கிற உழைக்கும்போதே செலுத்தும் வரி ஒழிப்பு. தனிநபர் வருமான வரி விலக்கு வருடத்துக்கு 5 இலட்சத்திலிருந்து 30 இலட்சம். வற்றுக்குப் பதிய வேண்டிய விற்பனை எல்லை வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியன்.

இதை ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வீதத்தைக் குறைத்தால் பிறகு கூட்டலாம். வரிக் கோப்பை மூடினால் அந்த மனிதரைத் திரும்பக் கொண்டுவர வருடங்கள் ஆகும். சம்பளத்தில் கழிப்பதை நிறுத்தியபோது தொழில் தருநரிடமிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த பட்டியலும் நின்றது. யார் எங்கே வேலை செய்கிறார், எவ்வளவு எடுக்கிறார் என்ற விவரம் அதோடு போயிற்று. வரித் திணைக்களத்துக்குக் காசைவிடப் பெரிய சொத்து விவரம்தான்.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த வருமான வரிச் சலுகைகள் 2020 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருந்தன. அவற்றுக்கான சட்டத் திருத்தம், 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், 2021 மே மாதம்தான் வந்தது. இடையில் ஒன்றேகால் வருடத்துக்கு மேல் புத்தகத்தில் ஒரு சட்டம், நடைமுறையில் அறிவித்தல். சட்டத்தைக் காட்டி வரி கேட்கப் பழகிய உத்தியோகத்தர்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

விளைவு: அரச வருமானம் 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 சதவீதம். 2021இலும் 2022இலும் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். 1990களின் தொடக்கத்தில் இதே நாடு 20 சதவீதம் அளவில் சேர்த்தது. நீங்கள் மேசையில் பார்த்த கடன் கொப்பி அந்த இடைவெளியிலிருந்து வந்தது.

சுண்ணாகம்_ஹாட்வெயர் எழுதியது:

ஐயா சொன்ன 300 மில்லியன் கதையில் நானும் ஒருவன், அதனால் எழுதுகிறேன்.

என் கடையின் வருட விற்பனை அப்போது 80, 90 மில்லியன் வரும். இது இலாபம் இல்லை, விற்பனை. சிமெந்து, கம்பி, தகரம் என்றால் தொகை பெரிதாகத்தான் தெரியும், பொதிக்கு நிற்பது சில ரூபாய்கள். 2020இல் எல்லை கூடியதும் கணக்காளர் "அண்ணை, இனித் தேவையில்லை" என்றார், பதிவை இரத்துச் செய்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மாதாமாதம் 20ஆம் திகதிப் பயம் இல்லை. ஆனால் சனம் நினைத்த மாதிரி விலை இறங்கவில்லை. கம்பனி கொஞ்சம் குறைத்தது, டொலர் ஏறக் கூட்டியது, அவ்வளவுதான். பிறகு 2022 ஒக்டோபரில் எல்லை 80 மில்லியன் ஆனது, திரும்பப் பதிந்தேன். 2024 ஜனவரியில் 60 மில்லியன். 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் 36 மில்லியனாகக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள்.

சரி, தம்பி சொன்ன மதகுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கொப்பியின் மறுபக்கத்தில் இருப்பவன் நான். என் கடையிலும் அப்படி ஐந்தாறு கொப்பிகள் உண்டு. ஒப்பந்தக்காரர் 10 இலட்சத்துக்குச் சிமெந்தும் கம்பியும் எடுத்தால் அதன்மேல் இப்போதைய 18 சதவீதம், 1 இலட்சத்து 80 ஆயிரம் வற். நான் விலைச்சிட்டை எழுதிய மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் திகதி அது என் கணக்கில் வந்துவிடும். நான் வாங்கும்போது கட்டிய வற்றைக் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அந்தச் சரக்குக்கும் நான் கம்பனிக்குக் காசு கொடுத்தாயிற்று. ஒப்பந்தக்காரர் எனக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. ஏன் தரவில்லை? அரசாங்கம் அவருக்குத் தரவில்லை. அரசாங்கம் ஏன் தரவில்லை? வரி வரவில்லையாம். ஆனால் அதே வேலையின் சிமெந்துக்கான வரியை நான் வங்கி மேலதிகப் பற்றில் எடுத்து அதே அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டேன். பிந்தினால் தண்டப்பணம்.

இதை வரி கட்ட மனமில்லாமல் சொல்லவில்லை. கட்டத்தான் வேண்டும். ஆனால் அரசாங்கம் தான் கட்ட வேண்டிய பட்டியலுக்குப் பிந்தினால் அதற்குத் தண்டம் யார் கட்டுகிறார்கள்?

வன்னிக்கணக்கு எழுதியது:

அண்ணை, இதை நான் யோசித்ததே இல்லை. ஆறு வருடமாகப் பற்றுச்சீட்டுகளைக் கையில் எடுக்கிறேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு சுற்று ஓடுகிறது என்று தெரியாது.

ஐயாவிடம் இன்னொரு கேள்வி. வரிகளைக் குறைத்தது அமைச்சரவை, சரி. ஆனால் வரவு செலவுத் திட்டத்தில் "இந்த வருடம் வருமானம் இவ்வளவு" என்று ஒரு தொகை போடுகிறார்களே, அதை யார் போடுகிறார்கள்? குறைத்தவர்களுக்கு வருமானமும் குறையும் என்று தெரியாதா? அந்தத் தொகையை நம்பித்தானே எங்களுக்கு ஒதுக்கீடு எழுதுகிறார்கள்.

ஓய்வு_மதிப்பீட்டாளர் எழுதியது:

நல்ல கேள்வி. இந்த இழையில் இதுதான் நடு நரம்பு.

மதிப்பீடு நிதி அமைச்சில் செய்யப்படுகிறது. அங்கே அரசிறைக் கொள்கைத் திணைக்களம் இருக்கிறது. இறைவரி, சுங்கம், மதுவரி மூன்று திணைக்களங்களும்தான் வரியின் மிகப் பெரும் பகுதியைச் சேர்ப்பவை, அவை தங்கள் எண்களைக் கொடுக்கும். கடந்த வருடச் சேகரிப்பு, பொருளாதாரம் எவ்வளவு வளரும், பணவீக்கம் எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு, புதிய வரிப் பிரேரணைகளால் எவ்வளவு கூடும் என்று கூட்டிக் கழித்து ஓர் எண் வரும்.

எண் கீழிருந்து மேலே போகும்போது ஒரு மாதிரி இருக்கும். மேலிருந்து கீழே வரும்போது வேறு மாதிரி இருக்கும். செலவுப் பட்டியல் முதலில் முடிவாகிவிடும், வரவு செலவு இடைவெளி இன்ன சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடும். பிறகு நடுவில் இருக்கிற ஒரே இளகிய எண் வருமானம்தான். அதைக் கொஞ்சம் தூக்கினால் எல்லாம் பொருந்தும். இலக்கு என்று அது எங்கள் மேசைக்குத் திரும்பி வரும்போது, இதை எங்கிருந்து சேர்ப்பது என்று பிராந்திய அலுவலகங்கள் முழிக்கும். நான் சேவையில் இருந்த காலத்தில் இலக்கை எட்டாத வருடங்களே அதிகம். எட்டாதபோது செலவை வெட்டியது யார்? உங்களுடைய கட்டுநிதிதான் வெட்டப்பட்டது. வட்டியை வெட்ட முடியாது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்ட முடியாது. மிச்சம் மதகு, பள்ளிக்கூடக் கூரை, குளத்துக் கட்டு.

வட்டியின் பாரத்தையும் சொல்கிறேன். 2023இல் அரசு சேர்த்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் கிட்டத்தட்ட 80 ரூபாய் வட்டிக்குப் போனது. 2024இல் அது மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கியது. அதற்கே பெருமூச்சு விடவேண்டிய நிலைமை.

காலண்டரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வரவு செலவுத் திட்டம் ஜனவரியிலிருந்து டிசெம்பர். வருமான வரியின் மதிப்பாண்டு ஏப்ரலிலிருந்து மார்ச். காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே 15ஆம் திகதிகளில், இறுதிக் கொடுப்பனவு செப்டெம்பர் 30இல், வருமான விபரத்திரட்டு நவம்பர் 30இல். ஆகவே ஒரு காலண்டர் வருடத்துக்குள் இரண்டு மதிப்பாண்டுகளின் பணம் வந்து விழும். சட்டத்தை ஜனவரியில் மாற்றினால் முழுப் பலன் அந்த வருடமே தெரியாது. இதைப் புரியாமல் "புதிய வரி போட்டோம், ஆறு மாதத்தில் ஏன் வரவில்லை" என்று கேட்பார்கள்.

கேள்வியின் கடைசிப் பகுதி: குறையும் என்று தெரியாதா? தெரியாமல் இருக்க வழியில்லை. 2020இலேயே கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் தரத்தை இறக்கத் தொடங்கிவிட்டன. வெளியே கடன் வாங்கும் வாசல் அடைபட்டது. வரியில் விழுந்த பள்ளத்தை மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கி நிரப்பியது, அதாவது காசு அச்சடித்து. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஆனது. வரியாக எடுக்காததைச் சனத்தின் சேமிப்பிலிருந்தும் சோற்றுக் கோப்பையிலிருந்தும் எடுத்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னபோது, இந்த வரிக் குறைப்பும் அதில் பேசப்பட்டது.

வைத்தியர்_மட்டு எழுதியது:

ஐயா, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்ப 2023இல் முதலில் யாரிடம் வந்தார்கள்? எங்களிடம். மட்டக்களப்பில் அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். மேலதிகக் கொடுப்பனவுகள் எல்லாம் சேர்ந்து மாதம் இரண்டரை இலட்சம் வந்தால் அதில் 21,000 ரூபாய் வரி. அந்த வருட மார்ச்சில் நாங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் நின்றது சும்மா இல்லை. என்னோடு படித்தவர்கள் அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்று எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது.

2025 ஏப்ரலில் விலக்கை மாதம் 1 இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சம் ஆக்கிய பிறகு அதே சம்பளத்துக்கு 8,000 ரூபாய். இதில் எனக்குக் குறையில்லை, கட்டுகிறேன். வரியே கட்டமாட்டேன் என்று சொன்னவர்களோடு நான் அப்போதும் ஒத்துப்போகவில்லை. என் வருத்தம் வேறு. என் சம்பளச் சிட்டையில் ஒரு ரூபாய் மறைக்க வழியில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் வகுப்பு நடக்கிறது, மண்டபம் நிறையப் பிள்ளைகள், காசு கையில் வாங்குகிறார்கள், பற்றுச்சீட்டே கிடையாது. அந்த ஆசிரியருக்குக் கோப்பு இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்? அங்கேதான் திணைக்களம் தன் வேலையைச் செய்ய வேண்டும், அமைச்சரவையைக் கைகாட்ட முடியாது.

கொழும்பு13 எழுதியது:

இதைத்தான் நான் முதலே சொன்னேன், அக்கா. 2024இல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ரின், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், எடுங்கள் என்றார்கள். சனம் வரிசையில் நின்று எடுத்தது. எடுத்த பிறகு?

ஓய்வு_மதிப்பீட்டாளர் எழுதியது:

வைத்தியர் மகளே, நீங்கள் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தில் நான் இருந்த திணைக்களத்துக்காக வாதாட மாட்டேன்.

இலக்கம் வேறு, கோப்பு வேறு, கொடுப்பனவு வேறு. இலக்கம் எடுத்த எல்லோரும் வரி கட்டுகிறவர்கள் அல்ல, கட்ட வேண்டியவர்களும் அல்ல. இலக்கத்தின் பலன் இணைப்பில் இருக்கிறது. வாகனப் பதிவு, காணி உறுதி, வங்கிக் கணக்கு, மின்சாரப் பட்டியல் இவை எல்லாம் ஒரே இலக்கத்தில் வந்து சேர்ந்தால், கணினி தானாகவே "இவர் இவ்வளவு பெறுமதியான காணி வாங்கியிருக்கிறார், விபரத்திரட்டில் ஒன்றும் இல்லையே" என்று கேட்கும். ராமிஸ் என்ற திணைக்களத்தின் கணினித் தொகுதி அதற்காகத்தான் வந்தது. வந்து எத்தனை வருடம் ஆயிற்று, இன்னும் அந்த இணைப்பு முழுமையாகவில்லை. மண்டபம் நிறையப் பிள்ளைகள் என்று தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது, கோப்புக்குத் தெரியவில்லை.

பெரிய கோப்புகள் பற்றிக் கொழும்பு13 சொன்னது: நிலுவை வரியில் பெரும் தொகைகள் ஆட்சேபம், வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு, பிறகு நீதிமன்றம் என்று வருடக்கணக்காக நிற்கின்றன. மேன்முறையீடு உரிமை, அதை யாரும் பறிக்கக்கூடாது. ஆனால் அந்தப் பாதையில் நடக்க வசதி உள்ளவனுக்குத் தாமதமே ஒரு சலுகை ஆகிவிடுகிறது. சிறிய கடைக்காரனுக்கு அந்த வசதி இல்லை, அறிவித்தல் கண்டதும் ஓடிவந்து கட்டிவிடுவான். நான் கதிரையில் இருந்து இதைப் பார்த்திருக்கிறேன், மனம் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

ஹட்டன்_பிள்ளை எழுதியது:

எல்லாருமே வருமான வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வருமான வரி கட்டுகிற ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் வரி கட்டாத ஆளும் ஒருவரும் இல்லை.

அம்மா கொழுந்து எடுக்கிறார். 2024இல் நாட்கூலி 1,350 ஆனது, அதுவும் எத்தனை வருடப் போராட்டம். 2024 ஜனவரியில் வற் 18 ஆனபோதே டீசல், பெற்றோல், காஸ் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அம்மா காஸ் வாங்குவதில்லை, விறகுதான். ஆனால் டவுனுக்குப் போகிற பஸ் டீசலில்தான் ஓடுகிறது. சோப் 118 ரூபாய் என்றால் 18 ரூபாய் வரி. போனுக்கு ரீலோட் போட்டால் அதில் ஒரு பங்கு வரி. தம்பி கொழும்பில் வேலை செய்கிறான், அவனோடு பேச வேண்டும் அல்லவா? கொழும்பில் பெரிய வீட்டில் இருப்பவரும் அதே சோப்புக்கு அதே 18 ரூபாய்தான் கட்டுகிறார்.

ஐயா, மொத்த வரியில் வருமான வரி எவ்வளவு, இப்படிப் பொருளில் எடுப்பது எவ்வளவு என்று சொல்லுங்களேன்.

ஓய்வு_மதிப்பீட்டாளர் எழுதியது:

தங்கச்சி, 2024 வரி வருமானத்தில் வருமான வரி மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சம் பெரும்பாலும் மறைமுக வரி: வற், சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, உற்பத்தி வரி, சுங்கத் தீர்வைகள். முன்பு இன்னும் மோசமாக, ஐந்தில் நான்கு பங்கு மறைமுக வரி என்று இருந்த காலமும் உண்டு.

ஏன் இப்படி? மறைமுக வரி சேர்ப்பதற்கு இலகு. துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போதே சுங்கம் இறக்குமதித் தீர்வையோடு வற்றையும் எடுத்துவிடும். ஒரு வாசல், ஒரு தராசு. வருமான வரிக்கு ஒவ்வொரு மனிதனாகத் தேட வேண்டும். அவசரத்தில் இருக்கிற அரசு எப்போதும் வாசலில்தான் நிற்கும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு 4 வருட ஏற்பாட்டுக்குப் போனபோது வரி வருமானத்துக்கு ஒரு கீழ் எல்லை வைத்தார்கள், ஒவ்வொரு மீளாய்விலும் அதைப் பார்க்கிறார்கள். அந்த எல்லையை எட்ட இலகுவான வழி, நீங்கள் சொன்ன சோப்.

பலன் வரவில்லை என்று சொல்ல முடியாது. அரச வருமானம் 2024இல் 4 ட்ரில்லியன் ரூபாயை எட்டியது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டியது. இறைவரித் திணைக்களம் மட்டும் ஏறத்தாழ 2 ட்ரில்லியன். 2020இலிருந்து தடுத்துவைத்த வாகன இறக்குமதியை 2025இல் திறந்ததால் சுங்கத்துக்கும் பெரிய தொகை வந்தது. ஆனால் வாகனம் முதல் வருடத்தில் குவிந்து வரும், பிறகு குறையும். அதை நிரந்தர வருமானம் போல நம்பி அடுத்த வருட மதிப்பீட்டை எழுதினால் தம்பியின் கட்டுநிதிக்கு மறுபடி ஆபத்து.

இன்னொன்று, யாரும் கேட்காத ஒன்று. விட்டுக்கொடுத்த வரி. முதலீட்டுச் சபை மூலமும் மூலோபாய அபிவிருத்தித் திட்டங்களுக்கான சட்டத்தின் மூலமும் கம்பனிகளுக்குக் கொடுத்த வரி விடுமுறைகள். இவை வரவு செலவுத் திட்டத்தில் செலவாகத் தெரியாது, வருமானமாகவும் தெரியாது. அண்மைக் காலத்தில்தான் நிதி அமைச்சு "வரிச் செலவினம்" என்று அந்தத் தொகைகளை வெளியிடத் தொடங்கியது. நவம்பரில் வரவு செலவுத் திட்டப் பேச்சைக் கேட்கிறவர்கள் செலவுப் பக்கத்தை மட்டும் கேட்காமல் அந்த அறிக்கையையும் எடுத்துப் படியுங்கள். உங்கள் அம்மாவின் 18 ரூபாயைப் போல எத்தனை 18 ரூபாய் அங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்.

மயிலாப்பூர்_வாசகன் எழுதியது:

சென்னையிலிருந்து ஆர்வமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே மத்திய அரசு வசூலிக்கும் வரியில் பகிர்வுக்கு உரிய தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது, அதுவே குறைவு என்று தமிழ்நாட்டில் சண்டை ஓயவில்லை. உங்கள் மாகாணங்களுக்கு அப்படி ஒரு பங்கு உண்டா?

வன்னிக்கணக்கு எழுதியது:

அதே மாதிரியான பங்கு இல்லை, சகோதரம். எங்களுக்கும் நிதி ஆணைக்குழு ஒன்று உண்டு, ஆனால் மாகாணங்கள் பெரும்பாலும் மத்திய அரசின் கொடைகளில்தான் ஓடுகின்றன. 2011 வரை மாகாணங்கள் தாங்களே விற்பனைத் தொகைமேல் புரள்வு வரி வசூலித்தன. அதை எடுத்துவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். ஐயா மேலே எழுதியதைப் பாருங்கள், 2019 டிசெம்பரில் அந்த வரியையே ஒழித்தார்கள். மூன்றில் ஒன்றும் அதோடு போனது. மாகாண சபைகளுக்குத் தேர்தலும் இல்லாத காலம், கேட்க ஆளில்லை.

சுண்ணாகம்_ஹாட்வெயர் எழுதியது:

ஐயா, ஒன்று மட்டும். எதை மாற்றினால் எங்களுக்கு மூச்சு வரும் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் உள்ளே இருந்தவர்.

ஓய்வு_மதிப்பீட்டாளர் எழுதியது:

தம்பி, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். மதிப்பீட்டை நேர்மையாகப் போட வேண்டும். போன வருடம் எவ்வளவு என்று மதிப்பிட்டோம், எவ்வளவு வந்தது, ஏன் வித்தியாசம் என்று ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக எழுதி, புதிய மதிப்பீட்டின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வித்தியாசம் சேகரிப்பால் வந்ததா, சட்டத்தால் வந்ததா, ஆசையால் வந்ததா என்பது அதில் தெரியும். சேகரிப்பால் என்றால் ஆணையாளர் நாயகம் பதில் சொல்லட்டும். சட்டத்தால் என்றால் பாராளுமன்றத்தில் கை தூக்கியவர்கள் சொல்லட்டும். இப்போது 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் காசு அச்சடித்து அரசுக்குக் கொடுப்பதைத் தடுத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைத்துவச் சட்டம் செலவுக்கு எல்லை போட்டிருக்கிறது. பழைய ஒளிவிடங்கள் இல்லை. ஆகவே மதிப்பீடு பிழைத்தால் வெட்டு முன்பைவிட வேகமாகக் கீழே இறங்கும்.

அப்புறம் உங்கள் 20ஆம் திகதி விஷயம். அரச வேலைக்குப் போன சரக்கின் வற்றை அரசு காசு விடும்வரை தண்டமில்லாமல் தள்ளிவைக்க ஒரு ஏற்பாடு கேட்பது நியாயமானது என்பது என் சொந்தக் கருத்து. வணிகர் சங்கங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் வரைந்து தரத் தயார், தனி மடலில் வாருங்கள்.

வைத்தியர்_மட்டு எழுதியது:

நானும் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. தனியார் வகுப்பு, தனியார் சிகிச்சை, எங்கள் துறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பற்றுச்சீட்டைக் கட்டாயமாக்கச் சொல்லியும் இரண்டு வரி சேருங்கள்.

வன்னிக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் முதல் பதிவில் திணைக்களத்தின் மேல் முழுப்பழியையும் போட்டேன், அது பிழை என்று இப்போது தெரிகிறது. பாதிப் பழி இருக்கிறது, அதை வைத்தியர் அக்கா சரியாகக் காட்டினார்.

மதகுக்காரரின் பட்டியலுக்கு என்ன ஆனது என்று கேட்டு ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார். அந்தப் பட்டியல் 2023 ஜனவரியில் "கடந்த ஆண்டுப் பொறுப்பு" என்று புதிய ஒதுக்கீட்டின் தலையில் ஏறி, மார்ச்சில்தான் கொடுபட்டது. அவர் அதற்குப் பிறகு எங்கள் வேலைகளுக்கு விலை மனுப் போடவில்லை. இந்த மாதமும் மேசையில் பதினொரு பட்டியல்கள் இருக்கின்றன. காலையில் கட்டுநிதி வந்திருக்கிறது, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. இதுவரை பெரிய தொகையை முதலில் அனுப்புவோம், வருட முடிவு அறிக்கையில் நிதி முன்னேற்றம் நன்றாகத் தெரியும் என்பதற்காக. இன்றைக்குக் கணக்காளரிடம் கேட்டு, பழைய திகதியிலிருந்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். முதலாவதாக நிற்பது ஒரு முன்பள்ளிக்குத் தகரம் மாற்றிய பட்டியல், 86,000 ரூபாய். கடைக்கார அண்ணை, இது 20ஆம் திகதிக்கு முதல் போய்விடும்.